அறுபத்தொன்றாவது கேள்வி

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் வாழ்த்துகள். எங்கள் பட்டறைக்கு நீங்கள் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸ் அறையில் ஏசிக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறார்கள். தூசி படாத இடம் அது ஒன்றுதான், பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். அடியில் உங்கள் கையெழுத்து. என் கல்யாணப் பத்திரிகையில்கூட உங்கள் பெயர் அவ்வளவு பெரிதாக இல்லை.

'எங்கள் பட்டறையா?' என்று திகைக்க வேண்டாம். மரப்பட்டறையை விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. இது கல் பட்டறை. சமையலறை மேடைக்குப் போடுகிற குவார்ட்ஸ் கல்லை அறுத்து, விளிம்பு தேய்த்து, தொட்டிக்கு ஓட்டை போட்டுக் கொடுக்கிறோம். மொத்தம் பதினாறு பேர். நவம்பர் பதினெட்டாம் தேதி நீங்கள் வந்தபோது வரிசையில் மூன்றாவதாக நின்றவன் நான்.

என்ன ஒரு வருகை! தலைக்கு மேல் தகரக் கூரையைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் வெள்ளை ஹெல்மெட். மடிப்புக் கலையாத சட்டை. நாற்பது நிமிஷத் தணிக்கை, அதில் இருபத்தைந்து நிமிஷம் முதலாளியின் அறையில். எங்கள் பக்கம் வந்து ஒரு போட்டோ எடுத்தீர்கள். உங்கள் ரிப்போர்ட்டின் பதினாலாம் பக்கத்தில் அது இருக்கிறது. ஆபீஸ் மேசையில் கிடந்ததை எங்கள் ஆள் ஒருவன் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். வாய் மூடாமல் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மாஸ்க்கின் இரண்டு பக்கமும் ஃபில்டர். ஃபில்டர் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். கடையிலிருந்து வரும்போதே ஒட்டி வருவது. அதை உரித்தால்தான் உள்ளே காற்று போகும். பதினாறு மாஸ்க்கிலும் அது அப்படியே இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முந்தின நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "யாரும் ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது. ஐயா போனதும் கடையில திருப்பிக் குடுக்கணும். உரிச்சா வாங்கிக்க மாட்டான்."

"அப்ப மூச்சு எப்படி சார் விடுறது?" என்று ரேடியோ கேட்டான்.

"அவரு நிக்கிற வரைக்கும் அடக்கு. முடியலன்னா ஓரமா கொஞ்சம் தூக்கி இழுத்துக்கோ."

ஆக, மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற பதினாறு பேரைப் படம் பிடித்துவிட்டு, கீழே 'முகக்கவசப் பயன்பாடு: மிகச் சிறப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், உங்கள் படிப்பு வீண் போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் நுரையீரலில் கல் தூசி படிந்து தழும்பாகிவிட்டது என்று டாக்டர் ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார். போனது போனதுதானாம், இனி மேற்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வேலையால் வந்த நோய் என்று தொழிலாளர் அலுவலகம் ஒத்துக்கொண்டால்தான் என் சிகிச்சையைப் பட்டறை ஏற்கும், பட்டறையையும் சோதனை போடுவார்கள். முதலாளியோ உங்கள் சான்றிதழைத் தூக்கிக் காட்டுகிறார். "எங்ககிட்ட தூசியே கிடையாதுங்க. உலகத் தரம்னு பெரிய கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு. அந்த ஆளு பீடி குடிச்சிருப்பான்" என்கிறார். நான் பீடி குடித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணை. அதற்குள் உங்கள் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

இன்னொன்று. அந்தத் தடவை இங்கே இரண்டு நாள் தங்கியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை வீடு பட்டறையிலிருந்து எட்டாவது பஸ் நிறுத்தம். நீங்கள் வந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது ஆள்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உடல்நிலை பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். முதலில் நல்ல நுரையீரல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

நீங்கள் அங்கே வேலை செய்வது எனக்குத் தெரியாது, வரிசையில் உங்களை அடையாளமும் தெரியவில்லை. ஒரு மாதத்தில் நாலு நாடு, ஒன்பது தொழிற்கூடம் பார்க்கிறேன். இதை எழுதுவதும் ஒரு ஓட்டல் அறையில்தான். காலையில் எழுந்தால் எந்த நாடு என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தங்கை வீட்டுக்கு வர முடியாமல் போனதற்கு விமான நேரம்தான் காரணம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட ஸ்டிக்கர் போட்டோவின் தெளிவில் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கிண்டலாக எழுதியிருப்பதால் நானும் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக உலகம் முழுக்கத் தொழிலாளிகளைப் பார்க்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் வெல்டிங் பார்ப்பவரை ஒரு நாட்டில் பார்த்தேன். ஹெல்மெட்டில் வெங்காயம் போட்டுச் சமையலறையில் தொங்கவிட்டிருந்தார்கள், இன்னொரு நாட்டில். அமிலம் கையாளக் கொடுத்த கையுறை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க வீட்டுக்குப் போய்விடும். அறுபதடி உயரத்தில் இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தன் சட்டைப் பையிலேயே மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதரைக் கேட்டேன். "மாட்டியாச்சு சார்" என்று அவர் பாஷையில் சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லா நாட்டிலும் இதே சிரிப்புதான். உங்களைக் காப்பாற்ற ஒரு கூட்டமே ராத்திரி பகலாக விதி எழுதுகிறது. உங்களுக்கோ அது விளையாட்டு.

உங்கள் பட்டறையில் ஒவ்வொரு அறுக்கும் மெஷினிலும் தண்ணீர்க் குழாய் இருந்தது. நானே திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. ஈரத்தில் அறுத்தால் தூசி பறக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குழாயை மூடுவது யார், மாப்பிள்ளை? நானா வந்து மூடினேன்?

சான்றிதழை நான் தனிப்பட்ட முறையில் ரத்து செய்ய இயலாது. அதற்கென்று புகார்ப் படிவம் இருக்கிறது. பதினோரு பக்கம். இத்துடன் வைத்திருக்கிறேன். பூர்த்தி செய்து அனுப்பினால் தொண்ணூறு வேலை நாட்களுக்குள் பதில் வரும்.

தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 1

மச்சான் அவர்களுக்கு,

படிவம் வந்தது. நல்ல தாள், வழவழவென்று இருக்கிறது. முதல் பக்கத்தில் 'புகார் தருபவர் தணிக்கையின்போது அங்கே இருந்தாரா?' என்று கேட்டிருக்கிறார்கள். இருந்தேன், மூச்சுதான் இல்லை என்று எழுதலாமா? தொண்ணூறு வேலை நாள் என்றால் ஜூலை. விசாரணை ஏப்ரலில். உங்கள் கம்பெனிக்குக் கணக்கு வராதா, இல்லை நன்றாகவே வருமா?

இரண்டாவது கருத்து கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

போன் ஏன் பண்ணவில்லை என்று சொல்வதாக எழுதியிருந்தேன் அல்லவா? நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. வந்தால் சீக்கிரம் நிற்காது. நீங்கள் "சரி சரி, ரெஸ்ட் எடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். எனக்கு உங்களைத் திட்ட வேண்டும், முழுசாகத் திட்ட வேண்டும். பேனா இருமாது.

தண்ணீர்க் குழாய் கேள்விக்கு வருகிறேன். நாங்கள்தான் மூடுகிறோம். தண்ணீர் ஓடினால் கல்லில் போட்ட பென்சில் கோடு சேற்றில் மறைந்துவிடும். கோடு மறைந்தால் வேலை மெதுவாகும். வேலை மெதுவானால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று வாட்சைப் பார்ப்பார். அவர் ஒரு நாளும் "குழாயை மூடு" என்று சொன்னதில்லை. "திற" என்றும் சொன்னதில்லை. நீங்கள் அன்றைக்கு வந்தபோது தரையைப் பார்த்தீர்களா? பதினாறு மெஷினில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற இடத்தின் தரை, கல்யாண மண்டபம் மாதிரி காய்ந்து கிடந்தது. உலகம் சுற்றியவருக்கு அது தோன்றவில்லை.

இனிமேல்தான் விசேஷம். எனக்கு இப்போது வீட்டில் உட்கார்வதுதான் வேலை. உங்கள் ரிப்போர்ட்டை ஒரு கேள்வி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பதினாலு கேள்வி. கழிவறையில் சோப்பு இருக்கிறதா என்பதற்கு மட்டும் மூன்று கேள்வி. அதில் அறுபத்தொன்றாவது கேள்வி: 'தணிக்கையாளரின் உறவினர் எவரேனும் இவ்விடத்தில் பணிபுரிகிறாரா?' பதில், உங்கள் கையால்: 'இல்லை.'

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதில் தவறு என்று தெரிந்தால் சான்றிதழ் அன்றைக்கே செல்லாது. தொண்ணூறு நாள் கிடையாது, படிவம் கிடையாது. தூசியை நிரூபிக்க வேண்டாம், ஸ்டிக்கரை நிரூபிக்க வேண்டாம். நான் எழுதினால் அதுவும் புகார்தான்; தணிக்கையாளரே ஒரு வரி எழுதினால் போதும்.

நீங்கள் என்னைத் தெரியவில்லை என்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் என் கண்ணை மூன்று தடவை பார்த்தீர்கள், மச்சான். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தீர்கள். அதோடு எங்கள் வரிசையில் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
உறவினர் அல்லாதவன்


மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

இதற்குப் பெயர் மிரட்டல். உறவுக்குள் இப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

'ஒரு வரி' என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியோடு என் வேலை போகும். இந்தத் துறையில் எங்குமே மறுபடி சேர முடியாது. வேலைக்காக நான் பயப்படுகிறேன் என்று கேலி செய்வீர்கள், செய்யுங்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் முன்பு ஒரு நாட்டில் சட்டை தைக்கிற தொழிற்சாலைக்குப் போனேன். பின்பக்கக் கதவைப் பூட்டிச் சங்கிலி போட்டிருந்தார்கள், துணி திருடுபோகிறதாம். சங்கிலியை என் கண் முன்னால் அறுத்தால்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த முதலாளி கத்தினார், என் மேலதிகாரியிடம் போனில் கத்தினார், கடைசியில் அறுத்தார். மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. இருநூற்றுச் சொச்சம் பெண்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் என்னைத் தெரியாது. நானும் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

நான் போய்விட்டால் அந்த இடத்துக்கு வருகிறவன் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். புதிதாக வருகிற பையன்களைப் பார்க்கிறேன், ஓட்டல் அறையில் உட்கார்ந்தே படிவத்தை முடித்துவிடுகிறார்கள். உங்கள் ஒரு பட்டறைக்காக மற்ற கதவுகளை எல்லாம் விட்டுவிடச் சொல்கிறீர்களா? அதுவும் சொந்தக் கையால் குழாயை மூடிக்கொண்டவர்களுக்காகவா?

மறுபடியும் சொல்கிறேன், உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி முகம் மாஸ்க்குக்குள் இருந்தது. அதற்கு மேல் நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இனி இது பற்றி எழுத வேண்டாம்.

மச்சான்


மார்ச் 17

மச்சான் அவர்களுக்கு,

அந்தக் கதவுக்கு ஒரு கும்பிடு. கிண்டல் இல்லை. அப்படி நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. எங்களுக்கு ஏன் அவரை அனுப்பாமல் உங்களை அனுப்பினார்கள்?

உங்கள் தங்கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அந்தப் பதினாலாம் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு மருந்து எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்துவிட்டாள்.

"இது நீங்கதானே?"

"பாதி மூஞ்சிதானே தெரியுது, எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பதினாலு வருஷமா பாக்கிறேன், இது ஒரு கேள்வியா? சரி, இதை யாரு எடுத்தது?"

அவளே கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு உங்கள் போன் வந்ததே, எடுக்கவில்லையே, அது இதனால்தான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். போன கடிதத்தில் 'நாங்கள் மூடுகிறோம்' என்று எழுதினேன். கூட்டத்தில் ஒளிந்துகொண்டேன். முதலில் மூடியவன் நான்.

நான் மரத்தில் பழகியவன். மரத்துக்குத் தண்ணீர் ஆகாது. கோடு போட்டு, அறுத்து, தூளை வாயால் ஊதிவிட்டுக் கோட்டைப் பார்ப்போம். கை அப்படியே பழகிவிட்டது. கல் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் தண்ணீரில் கோடு மறைய மறைய எனக்குப் பைத்தியம் பிடித்தது. குழாயை மூடினேன். கல் தூளையும் வாயால் ஊதினேன். ஒரு ஊது, அப்புறம் ஒரு இழுப்பு. தூசிக்குள் மூக்கை வைத்து இழுப்பு. மரத்தூள் என்று நினைத்துக்கொண்டு செய்தேனா என்றால், நினைக்கவே இல்லை. என் விளிம்பு நூல் பிடித்த மாதிரி வந்தது. அதனால் பட்டறையில் எனக்கு நூல் என்றே பெயர் வந்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு என் கல்லைக் காட்டினார். "இந்த மாதிரி அறுக்கணும். எப்படி அறுக்கிறாருன்னு பாத்துக்கங்க." பார்த்தார்கள். ஒரு மாதத்தில் பதினாறு குழாயும் மூடியாயிற்று. எல்லோரும் ஊத ஆரம்பித்தார்கள். ரேடியோ பாட்டை நிறுத்தி ஊதிவிட்டு மறுபடி பாடுவான்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆக, உங்களைத் திட்டுகிறவன் யோக்கியன் என்று நினைக்க வேண்டாம். உங்களைத் திட்டுவதில் பாதி என்னையும் சேர்த்துத்தான். ஆனால் அந்தப் பதினைந்து பேர் இன்றைக்கும் காய்ந்த தரையில் நின்று ஊதிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ரேடியோவிடம் குழாயைத் திறந்து வைக்கச் சொன்னேன். "திறந்தேன் அண்ணே. மெதுவாகுதுன்னு சொல்லி என்னைப் பாலிஷுக்கு மாத்திட்டாரு. அங்க இன்னும் தூசி" என்றான். சான்றிதழ் சுவரில் இருக்கிறவரை அந்தப் பட்டறைக்குள் ஒரு அதிகாரியும் நுழைய மாட்டார். நான் இனிக் கட்டரைத் தொடப்போவதில்லை, எனக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது. அவர்களுக்கு இன்னும் ஆகாமல் இருக்கலாம்.

விசாரணைக்குப் பதினாறு நாள் இருக்கிறது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
குழாயை மூடியவன்


மார்ச் 26

மாப்பிள்ளைக்கு,

உங்களை எனக்கு அடையாளம் தெரிந்தது.

பார்த்த உடனேயே தெரிந்தது. பென்சிலை இடது காதில் சொருகியிருந்தீர்கள். மாஸ்க்கின் பட்டையை அதற்காக மேலே ஏற்றிக் கட்டியிருந்தீர்கள். என் வீட்டுக் கதவுக்கு நிலை வைத்துக் கொடுத்தபோதும் அப்படித்தான் நின்றீர்கள். இரண்டாவது தடவை பார்த்தது, நீங்களாக இருக்கக் கூடாது என்று. மூன்றாவது தடவை, நீங்கள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வீர்களோ என்று.

உறவினர் என்று எழுதினால் தணிக்கை அங்கேயே நின்றுவிடும், வேறு ஆள் வர வேண்டும், வாடிக்கையாளர் கோபிப்பார், அடுத்த விமானம் போய்விடும். இப்படித்தான் நான் எனக்கே நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன். முதலாளி என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். "அந்த வரிசையில நிக்கிறவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு" என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் தலைமுடி, இமை, காது எல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்தத் தூசியைப் பார்த்து எனக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். இருபத்திரண்டு வருஷம் இதே வேலையில் இருந்தவனுக்கு!

ஸ்டிக்கரும் தெரிந்தது. ஃபிளாஷ் பட்டுப் பளபளத்தது. அன்று மத்தியானம் உங்கள் முதலாளியோடுதான் சாப்பிட்டேன். தங்கை வீட்டுக்கு வராமல் போனது விமானத்தால் இல்லை. வந்தால் நீங்கள் இருப்பீர்கள்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போய், அறுபத்தொன்றாவது கேள்விக்கு 'ஆம், தங்கையின் கணவர், அது தெரிந்தே இல்லை என்று எழுதினேன்' என்று எழுதிக் கொடுத்தேன். இருபது நிமிஷக் கூட்டம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் அன்றே செல்லாது என்று உங்கள் முதலாளிக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் கடிதம் போய்விட்டது. நகல் வைத்திருக்கிறேன், விசாரணைக்கு எடுத்துப் போங்கள்.

ஸ்டிக்கர் பற்றியும் காய்ந்த தரை பற்றியும் தனியாக மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். மேலதிகாரி அதைப் படிக்காமல் திருப்பித் தந்தார். "இது இந்தக் குற்றச்சாட்டுல வராது சார்" என்றார். என் வேலை நீக்கக் கடிதத்தில் 'உறவினரை மறைத்தார்' என்று இருக்கிறது. பதினாறு பேருடைய மூச்சை மறைத்தது பற்றி ஒரு வரி இல்லை. இந்தக் கம்பெனிக்குத்தான் நான் தலைமுடி நரைக்க உழைத்தேன்.

அந்த மூன்று பக்கத்தையும் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், என் பெயரும் முகவரியும் போட்டு.

தங்கையிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 19

மச்சானுக்கு,

நன்றி சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதை நாலு மாதம் தாமதமாகச் செய்ததற்கு நன்றி சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் 'அவர்கள்' என்று போடுவதை இந்தக் கடிதத்தில் விட்டுவிட்டேன், கவனித்திருப்பீர்கள். அது கிண்டலுக்காகப் போட்டது.

விசாரணையில் முதலாளி கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். விசாரித்த அதிகாரி அம்மா உங்கள் கம்பெனிக் கடிதத்தை நீட்டியதும், சான்றிதழைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வேலையால் வந்த நோய் என்று எழுதிவிட்டார்கள். என் சிகிச்சைக்கு இனிப் பட்டறைதான் பொறுப்பு. மறுநாளே தூசி அளக்கிற கருவியோடு இரண்டு பேர் வந்தார்கள். உங்களுடைய மூன்று பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் பார்த்தார்களாம். தரையில் ஒருவர் விரலால் கோடு போட்டுப் பார்த்தாராம். அன்று சாயங்காலமே பட்டறையை மூடிவிட்டார்கள். தண்ணீரும், தூசி உறிஞ்சும் மெஷினும் போட்டு, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். முதலாளி இதற்குள் வேறொரு சான்றிதழ் கம்பெனியைப் பிடித்துவிட்டாராம். மாட்டுகிற ஆணி காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

பட்டறை ஆட்களிடம் எனக்கு ஏக மரியாதை. வீட்டுக்குக் கூட்டமாக வந்தார்கள். "முதலாளியையே மண்டி போட வச்சிட்டீங்க அண்ணே" என்றான் ஒருவன். இன்னொருவன் என்னைத் தலைவர் என்றான். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

பதினைந்து பேரையும் அதிகாரிகள் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். நேற்று ரிசல்ட் வந்தது. எட்டுப் பேருக்கு இருக்கிறது. என்னோடு ஒன்பது.

ரேடியோவுக்கு இருக்கிறது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போதும் பாடிக்கொண்டே போவான். ரிசல்ட் தாளை வாங்கிய கையோடு நேராக என்னிடம் வந்தான். "நீங்க இல்லேன்னா எங்களுக்கு இதுகூடத் தெரிஞ்சிருக்காது அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லப் போகிறேன், மச்சான். குழாயை முதலில் மூடியது நான், ஊதக் கற்றுக்கொடுத்ததும் நான் என்று. தெரியாமல் செய்தாய் என்று அவர்கள் சொன்னாலும் சரி, வெளியே போ என்றாலும் சரி. சொல்லாமல் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு இருந்தால் நான் உங்களைத் திட்டியதற்கெல்லாம் அர்த்தமே இல்லை.

ஆனால் என்னால் நாலு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாது. இருமலில் பாதியிலேயே நின்றுவிடும். அவர்களும் "பரவாயில்லை அண்ணே, உடம்பைப் பாருங்க" என்று முதுகைத் தடவிவிட்டு விட்டுவிடுவார்கள். அப்படித் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை. கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்றால், இரண்டு பேருக்குப் படிக்கத் தெரியாது.

நீங்கள் வாருங்கள். உங்களுக்கு நல்ல குரல், உலகம் முழுக்கப் பேசிப் பழகிய குரல். நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். என் பங்கைச் சொல்லி முடித்ததும் உங்கள் பங்கையும் சொல்லுங்கள். ஸ்டிக்கர் தெரிந்தது, வெட்கமாக இருந்தது, முதலாளியோடு சாப்பிட்டேன், எல்லாவற்றையும். எனக்கு எழுதிய மாதிரியே சொன்னால் போதும்.

உங்கள் தங்கையிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவளிடம் கேட்டேன். "வர்றவரு வாசல்ல நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். முதலில் ரேடியோ வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு ஏற நேரமாகும். நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். நான் வந்து சேரும்வரை கதவைத் தட்ட வேண்டாம்.

நூல்